ஈனிட் பார்டியின் கட்டைவிரல்

ஈனிட் பார்டி போய்ச் சேர்ந்து இந்த ஜூனோடு பதினைந்து மாதம். எங்கள் துறைமுக ஊர் சேபல் ஹார்பரில் அவளைத் தெரியாதவர் இல்லை. ஆனால் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஆவண ஆபீஸில் போட்டோ எடுத்தாள் என்பார்கள். அதை நம்பி மீன் ஆலை மேஸ்திரி ஒருத்தன் தன் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டான். அவளும் போனாள். கேமரா இல்லை, கையில் ஒரு திராட்சை கேக். “என் கேமரா ஆளுங்கள எடுக்காது. எல்லாரும் தட்டையாப் படுத்து அசையாம இருந்தீங்கன்னா ஒருவேள எடுக்கலாம்” என்றாளாம். அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரன் இருக்கிறான், இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்தக் கட்டடத்தில் இருபத்தாறு வருஷம் தரை துடைத்தவள் நான். செலினா கீப்பிங். ஈனிட்டின் வேலையை அவளுக்கு அடுத்தபடி அதிகம் பார்த்தவள் நானாகத்தான் இருப்பேன்.

மாடியில் ஜன்னலுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்த அறை. நடுவே மேஜை, இரண்டு பக்கமும் இரண்டு விளக்கு, மேலேயிருந்து கீழே பார்த்துத் தொங்கும் கேமரா. மேஜைமேல் பழைய பதிவுப் புத்தகம் ஒன்று விரிந்து கிடக்கும்; தாள் அழிந்தாலும் எழுத்து நிற்கட்டும் என்று அதைப் பக்கம் பக்கமாகப் பிலிமில் எடுப்பாள். பிறப்பு, இறப்பு, கல்யாணம், நிலம், கப்பல் மூழ்கினது, எதுவானாலும் அவளுக்கு ஒன்றுதான். தாளைத் திருப்புவாள், தடவி விடுவாள், கையை எடுப்பாள், மேஜைக்கடியில் இருக்கும் கேமரா மிதியை வலது காலால் மிதிப்பாள். டக். மறுபடி திருப்புவாள். ஒரு நாளைக்கு ஆயிரத்தைந்நூறு தடவை. கல்யாண வீட்டில் எல்லாரும் ஆடும்போது அவளுக்கு வலது கால் மட்டும்தான் ஆடும்.

விரலில் மோதிரம் கிடையாது. தாளில் பிசுக்குப் படும் என்று கைக்குக் களிம்பு தடவமாட்டாள். குளிர்காலத்தில் கை வெடித்துக் காய்ந்த காட் மீன் மாதிரி இருக்கும். காலையில் ரொட்டியை வெண்ணெய் இல்லாமல் தின்பாள். வாயில் எந்நேரமும் பெப்பர்மிண்ட் மிட்டாய், அது ஒன்றுதான் அவளுக்குச் சொகுசு.

அவளுடைய வலது கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்க்கவே மாட்டாள். கிறிஸ்துமஸ் சமயம் கீழ் அறையில் சீட்டாடும்போது, சிகரெட் சுருட்டும் தாளை எத்தனை என்று சொல்லாமல் அவள் விரலுக்குள் வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஒரு வருஷம் வண்டியோட்டி ஒருத்தன் அவளை ஏமாற்றப் பார்த்தான். ஈனிட் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “நாலு. அதுல ரெண்டு எச்சில் போட்டு ஒட்டினது. கருமம், தள்ளிப் போடா” என்று அவன் சட்டையிலேயே விரலைத் துடைத்தாள்.

ஒரு சுருள் பிலிம் முடிந்ததும் கடைசியாக ஒரு அட்டையை வைத்துப் படம் எடுக்க வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரை, இருந்தது இருந்தபடி, எதுவும் விடாமல் எடுத்தேன் என்று அதில் எழுதியிருக்கும். கீழே படம் எடுத்தவர் கையெழுத்து. மற்றவர்கள் ஒரு வாரத்து அட்டைகளில் முன்னாலேயே மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்தார்கள். ஈனிட் அப்படிச் செய்யமாட்டாள். ஸ்வெட்டருக்கு மேலேயிருந்து கீழேவரை பட்டன் மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் போடுவாள். “என்ன, சர்ச்சுக்குக் கிளம்பிட்டியா?” என்று கேட்பேன். “கிட்டத்தட்ட” என்பாள்.

இனி என் கதையில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நான் பிட்டர்ன் கோவ்காரி. பத்தொன்பது வீடு. அறுபத்தேழில் அரசாங்கம் எங்களையெல்லாம் கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்டது. பலபேர் அழுதார்கள். நான் அழவில்லை. கிணற்றுத் தண்ணீரில் உப்பு, ஆறு மாதம் காற்று, வைத்தியர் வேண்டுமென்றால் இரண்டு நாள் படகு. அதற்கு யார் அழுவது? அங்கே நான் விட்டுவந்தது ஒன்றே ஒன்று.

என் பிள்ளை ஆம்ப்ரோஸ். ஐம்பத்தெட்டு பிப்ரவரியில் பிறந்தான். ஒன்பதாம் நாளே மூச்சு சரியில்லை. வளைகுடா முழுக்கப் பனிக்கட்டி, பாதிரியார் மே மாதத்துக்கு முன்னால் வரமுடியாது. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஜெபம் வாசிக்கிறவர் ஹெசக்கையா ஸ்னூக். ஊரே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். அவர் பிறப்பு இறப்பு எழுதும் சர்ச் புத்தகத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பனியில் நடந்து வந்தார். சாயங்காலம் நாலு மணிதான், ஆனால் ஜன்னலைப் பனி மூடி வீடு இருட்டு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுச் சமையல் மேஜையில் புத்தகத்தை விரித்து எழுதினார். நான் மெழுகுவத்தி பிடித்தேன். எழுதி முடித்ததும் என் விரலைப் பிடித்து எழுத்தின்மேல் வைத்தார். “இதுதான் ஆம்ப்ரோஸ், மகளே. இது கீப்பிங்.” எனக்குப் படிக்க வராது, அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. தாய் என்கிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். நான் என் வாழ்க்கையில் முதல்முதலாக மையால் போட்ட குறி அது.

இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தில், அதற்குக் கீழே, இன்னொரு வரி எழுதினார். மண் உறைந்து கிடந்தது. அதன்மேல் நெருப்பு மூட்டி இளக்கித்தான் குழி தோண்டினார்கள். மரச்சிலுவை நட்டோம். கடல் காற்றில் அது ஆறு வருஷம்கூடத் தாங்கவில்லை.

பாதிரியார் வரும்போது, இருக்கிற பிள்ளைகளின் பேரை அரசாங்கத்துக்கு எழுதி அனுப்புவார். ஒரு வரவுக்கும் மறு வரவுக்கும் நடுவில் வந்து போன பிள்ளையைப் பற்றி யார் அனுப்புவார்? ஆம்ப்ரோஸ் என்று ஒருத்தன் இருந்தான் என்பதற்கு அந்தப் பக்கம்தான். வேறெங்கும் இல்லை.

எழுபத்துநாலு இலையுதிர்காலத்தில், காலியான ஊர்களிலிருந்து சர்ச் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக ஆபீஸுக்கு வந்தன. பாதி பூசணம். நான் மாடியில் வாளியோடு நிற்கிறேன், ஈனிட்டின் மேஜையோரம் ஒரு புத்தகம். முதுகுப் பக்கம் வலைநூலால் தைத்திருந்தது. ஹெசக்கையா மாமாவின் தையல் எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு வலையிலும் அதே தையல்தான்.

“என் பையன் அதுக்குள்ள இருக்கான்” என்றேன். அதுவரைக்கும் அவளிடம் ஆம்ப்ரோஸைப் பற்றிச் சொன்னதில்லை. ஈனிட் மிட்டாயை வாயிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். அவளுடைய வலது கட்டைவிரலில் பெரிய பிளாஸ்திரி இருந்ததைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சிரிலோடு உட்கார்ந்து மீன் அறுக்கும்போது கத்தி வழுக்கிவிட்டது என்றாள். லீவு போடலாமே என்றதற்கு, பனி விழுவதற்குள் பெட்டியெல்லாம் முடிய வேண்டும் என்று மேலதிகாரிகள் நெருக்குகிறார்கள் என்றாள்.

மறுநாள் பத்து மணி டீக்கு வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “முடிஞ்சுது பொண்ணே. இனி உன் பையனுக்கு ஐந்நூறு வருஷம் கவலையில்ல. பிலிம் அவ்வளவு நாள் தாங்குமாம். புத்தகத்தக் கொண்டாரவா? அவன் பேரு எங்கன்னு காட்டு, நானும் பாக்கறேன்.”

வேண்டாம், நான் பார்த்ததுதான் என்றேன்.

பார்க்க ஆசை இல்லாமலா? ஆனால் எனக்குப் படிக்க வராது என்று அந்த ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. டீ நேரத்தில் மடித்த செய்தித்தாள் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிவேன். புத்தகத்தை விரித்து எங்கே காட்டு என்றால் நான் எந்த வரியைக் காட்டுவேன்? ரோஷம். அன்றைக்கு நான் சரி என்று சொல்லியிருந்தால் அவள் எனக்காகப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருப்பாள், இரண்டு தாள் ஒட்டியிருந்தது அன்றைக்கே தெரிந்திருக்கும், புத்தகமும் கையில் இருந்திருக்கும். இதை ஈனிட் ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, பூசணம் பிடித்த பதினோரு புத்தகங்களைப் பின்முற்றத்தில் போட்டு எரித்தார்கள். பூசணம் மற்றவற்றுக்கும் பரவும், பிலிம் எடுத்தாயிற்று, இனி எதற்கு என்று உத்தரவு. வலைநூல் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈனிட் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் மேல ரெண்டாவது தட்டுல இருக்கான். இது வெறும் மாட்டுத்தோலும் பூசணமும்” என்றாள். நானும் அப்படியே நம்பினேன். அவளும் நம்பித்தான் சொன்னாள்.

அப்புறம் பல வருஷம். ஈனிட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கார்னர் புரூக்கிலிருந்து மரவியாபாரி ஒருத்தன் மூன்று கோடைக்கு வந்து பார்த்தான். என்ன ஆச்சு என்று கேட்டேன். “நல்லவன்தான். ஆனா நான் ஒரு பக்கம் திருப்பறதுக்குள்ள மூணு பக்கம் பேசறான்” என்றாள். சிரிலுக்குச் சமைத்துப் போட்டாள், சர்ச்சில் பாடினாள், கோடையில் சதுப்பில் போய்ப் பேக்ஆப்பிள் பழம் பறித்து ஜாம் கிண்டினாள். என் புருஷன் கார்ஃபீல்டு இறந்தபோது ஒரு வாரம் என் வீட்டில் வந்து படுத்திருந்தாள்.

எனக்குப் படிக்க வராது என்பது அவளுக்கு ஒரு நாள் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கி நிரப்பினாள். அதற்குப் பிறகு எனக்கு வரும் கடிதத்தையெல்லாம், “இந்த ஆளு எழுத்தப் பாரேன்” என்று ஏதோ தனக்குத்தான் படிக்க ஆசை மாதிரி பிடுங்கிச் சத்தமாகப் படிப்பாள். அதற்காக அவள் என்னைப் பார்க்கும் பார்வை ஒரு தடவைகூட மாறினதில்லை.

நானும் அவளும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்துவிட்ட காலம். ஆபீஸில் அந்தப் பிலிம் அறையைத் திறந்தால் வினிகர் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது என்று பேச்சு வந்தது. பிலிம் கெட்டுப்போனால் அப்படித்தான் நாறுமாம். ஐந்நூறு வருஷம் தாங்கும் என்றது நாற்பது வருஷம்கூடத் தாங்கவில்லை. சுருள் சுருங்கி, நெளிந்து, மீன்தோல் மாதிரி நொறுங்க ஆரம்பித்துவிட்டது. ஒரு தடவை இயந்திரத்தில் ஓட்டி ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றலாம். இரண்டாவது தடவை ஓட்டினால் தாங்காது. அங்கே இப்போது தலைமையில் இருப்பவள் டாரா பட்ஜெல் என்று ஒரு சின்னப் பெண். எந்தச் சுருளில் எது இருக்கிறது, எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஈனிட் வீட்டுக்கு வந்து கூப்பிட்டாள். ஈனிட்டுக்கு அப்போது அறுபத்தாறு வயது. மறுநாளே ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

“நாத்தம் தாங்கலடி. மீன் வறுவலுக்கு நடுவுல உக்காந்த மாதிரி இருக்கு. சாயங்காலம் ஆனா உருளைக்கிழங்கு திங்கணும்னு தோணுது” என்று வந்து சொல்வாள். ஆனால் சந்தோஷமாக இருந்தாள். தன் பழைய அட்டைகள் திரையில் வரும்போது, தன் சின்ன வயசுக் கையெழுத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது என்பாள்.

அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. என் வீட்டில் யாரும் பூட்ஸோடு உள்ளே வந்ததில்லை.

“டீ போடறேன், உக்காரு” என்றேன்.

“முதல்ல சொல்லிடறேன். அப்புறம் டீ குடுக்கறதா வேண்டாமான்னு நீயே பாரு.”

இரண்டு காகிதத்தை மேஜைமேல் விரித்தாள். பிட்டர்ன் கோவ் புத்தகத்தின் படங்கள். எழுத்துதான் எனக்கு வராது, எண் தெரியும். முதல் காகிதத்தில் நாற்பத்தாறு, நாற்பத்தேழு. இரண்டாவதில் ஐம்பது, ஐம்பத்தொன்று. ஐம்பத்தேழு கிறிஸ்துமஸோடு இது முடிகிறது, ஐம்பத்தொன்பது கோடையில் அது தொடங்குகிறது என்றாள்.

“நடுவுல ரெண்டு பக்கம் வரல செலினா. ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு ஒண்ணாத் திரும்பியிருக்கு. நான் கவனிக்கல. ஆம்ப்ரோஸ் அதுலதான் இருந்தான்.”

எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதையும் அவளே சொன்னாள். திரையில் ஒரு படத்தின் மூலையில் அவள் கட்டைவிரல் நுனி தெரிந்தது, பிளாஸ்திரியோடு. விரல் எழுத்தை மறைத்தால் மறுபடி எடுக்க வேண்டும்; ஓரத்தில் பட்டால் விட்டுவிடுவார்கள். அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்ததும் அவளுக்கு அந்த வாரம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வாரம் எடுத்த பக்கம் அத்தனையையும் எண் எண்ணாகப் பார்த்திருக்கிறாள். மற்ற எல்லாம் சரியாக இருந்தது. ஒரே இடத்தில்தான் குறை.

அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. டாராவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியவே போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள், நானும் நிம்மதியாகச் செத்திருப்பேன். அவள் பூட்ஸோடு நேரே என்னிடம் வந்தாள்.

“கையெழுத்துப் போட்டியே” என்றேன். “எதையும் விடலன்னு.”

“போட்டேன்.”

“பட்டன் எல்லாம் மாட்டிக்கிட்டு.”

அவள் முகம் எப்படி ஆனது என்று நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. ஐந்நூறு வருஷம் என்றாயே என்றேன். இரண்டாவது தட்டில் இருக்கிறான் என்றாயே என்றேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். அப்புறம் நாற்பத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். அங்கே வட்டமாக ஒரு கறை.

“இதப் பாரு. அந்தப் பக்கத்துலேர்ந்து ஊறி வந்திருக்கு. அம்பதாம் பக்கத்துலயும் அதே இடத்துல இருக்கு. மெழுகா இருக்கும். மாமா வத்திய சாச்சுட்டார் போல, அதான் ஒட்டிக்கிச்சு. ஆனா வெறும் விரலா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். பிளாஸ்திரியோட அந்த மேஜைல உக்காந்திருக்கக் கூடாது. தப்பு என்னுது.”

மெழுகுவத்தியை மாமா பிடிக்கவில்லை. நான் பிடித்தேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது கூடையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை, மூச்சு சிக்குகிற மாதிரி ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். கை சாய்ந்து மெழுகு பக்கத்தின்மேல் சொட்டியது. மாமா நகத்தால் கொஞ்சம் சுரண்டிவிட்டு, பரவாயில்லை மகளே என்று புத்தகத்தை மூடினார். இரண்டு நாள் கழித்து அடுத்த வரியை எழுத வந்தபோது அந்தப் பக்கத்தைப் பிரித்துத்தான் எழுதியிருப்பார். சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து எழுதினார். அப்போது மெழுகு மறுபடி இளகித் தாளில் பரவி, அந்தப் பக்கங்கள் எழுதி முடிந்து மூடிக் கிடந்த வருஷங்களில் இறுகி ஒட்டியிருக்கும். இதெல்லாம் ஈனிட் விரலை வைத்த அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

“போ” என்றேன். “டீய உன் ஆபீஸ்ல போய்க் குடி.”

அவள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் நின்ற இடத்தில் பூட்ஸிலிருந்து வழிந்த தண்ணீர் இருந்தது. அதைத் துடைக்க எனக்கு மறுநாள் வரை மனம் வரவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் அவளோடு பேசவில்லை. சர்ச்சில் அவள் இடப்பக்கம் என்றால் நான் வலப்பக்கம். சீட்டாடப் போவதை நிறுத்தினேன். எனக்கு வந்த கடிதங்கள் பிரிக்காமல் ரொட்டி டப்பாவின்மேல் சேர்ந்தன. டிசம்பரில் ஒருநாள் கதவுக்கு வெளியே பேக்ஆப்பிள் ஜாம் ஒரு போத்தல் இருந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. நான் அதை உள்ளே எடுக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜனவரி உறைபனியில் கண்ணாடி வெடித்தது. ஜாம் மட்டும் போத்தல் வடிவத்திலேயே நின்றது, காக்கை கொத்தும்வரை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மெழுகு என்னுடையது ஈனிட், இவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் பழியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவள்மேல் வைத்திருந்தவரைக்கும் எனக்குத் தூக்கம் வந்தது.

மார்ச் ஏழாம் தேதி காலையில், வேலைக்குக் கிளம்பி பூட்ஸ் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம். சிரில் டீ கொண்டுவந்து பார்த்திருக்கிறார்.

சவப்பெட்டியில் அவளுக்கு யாரோ அவளுடைய அம்மாவின் மோதிரத்தைப் போட்டுவிட்டிருந்தார்கள். எழுபது வருஷம் நெருங்கியும் மோதிரம் பட்டறியாத கை. கழற்றுங்கள் என்று சொல்லலாம் என்று பார்த்தேன், சொல்ல எனக்கு என்ன உரிமை? கட்டைவிரலைத் தேடினேன். நுனியில் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு, அந்தக் கத்தி பட்ட தழும்பு. முப்பத்தேழு வருஷம் அவளோடு டீ குடித்திருக்கிறேன், அந்தத் தழும்பை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

ஏப்ரலில் டாரா வீட்டுக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு மேஜையில் உட்கார்ந்தாள்.

“செலினா அத்தை, ஈனிட் கடைசியா செஞ்ச வேல உங்க ஊரு புத்தகம். அதுல ஒரு அட்டை வச்சிருக்காங்க. நீங்க பாக்கணும்னு எனக்குத் தோணிச்சு.”

பக்கம் இல்லாத இடத்தில் ஒரு அட்டையைப் படம் எடுத்து வைப்பது வழக்கம்தானாம். ‘பக்கம் இல்லை’ என்று இரண்டு சொல் எழுதினால் போதும். ஈனிட் அதோடு விடவில்லை. டாரா படித்துக் காட்டினாள்.

“நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பதாம் பக்கங்கள் இங்கே இல்லை. புத்தகத்தில் குறை இல்லை. எழுதியவரிடம் குறை இல்லை. குறை படம் எடுத்தவருடையது. ஈனிட் பார்டி.”

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள்.

“இதுவரைக்கும் அவங்க எடுத்த எண்ணூறு சுருள் பாத்தாச்சு அத்தை” என்றாள் டாரா. “வேற எங்கயும் ஒரு பக்கம்கூட விடல.”

நான் அவளிடம் மெழுகைப் பற்றிச் சொன்னேன். எழுதியவரிடம் குறை இல்லை என்பது சரி, ஆனால் வத்தி பிடித்தவளிடம் குறை இருக்கிறது, அதை அந்த அட்டையில் சேர்த்து எழுது என்றேன். முடியாது என்றாள். ஒருத்தர் கையெழுத்துப் போட்டதற்குள் இன்னொருத்தர் சொல்லைச் சேர்க்கக் கூடாது. பிள்ளையின் பேரையாவது அந்த இடத்தில் எழுது என்றேன். அதுவும் முடியாதாம். புத்தகத்தில் இருந்ததைத்தான் புத்தகம் என்று வைக்கலாம்.

“அதுல இருந்தான். என் விரல வச்சுக் காட்டினாரு.”

“தெரியும் அத்தை. நான் நம்பறேன். ஆனா நான் நம்பறது அதுக்குள்ள போகாது.” கையிலிருந்த காகிதத்தை மடித்துவிட்டு, “பக்கத்துல வைக்கலாம். நீங்க சொல்றத வாங்கி, அந்தச் சுருளோடயே சேத்து வைக்கலாம். யாராவது இதத் தேடி வந்தா அதையும் பாப்பாங்க” என்றாள்.

யார் தேடி வரப்போகிறார்கள்? எனக்குப் பிறகு அந்தப் பேரைத் தெரிந்தவர் இல்லை. ஆனாலும் வைக்கச் சொன்னேன். ஒரு வருஷம் தள்ளிப் போட்டுவிட்டு இப்போது சொல்கிறேன். தள்ளிப்போட்டதும் என் குணம்தான்.

பிட்டர்ன் கோவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு பிப்ரவரி மூன்றாம் தேதி ஆம்ப்ரோஸ் கீப்பிங் பிறந்தான். பன்னிரண்டாம் தேதி ஞானஸ்நானம். பதினான்காம் தேதி அடக்கம். அப்பன் கார்ஃபீல்டு, தாய் செலினா. ஹெசக்கையா ஸ்னூக் எழுதினார். தாய் குறி போட்டாள். அந்தப் பக்கத்தில் மெழுகைச் சிந்தியது தாய். புத்தகம் எரிவதற்கு முன்னால், பக்கத்தைப் பார்க்கிறாயா என்று படம் எடுத்தவள் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னதும் தாய்தான். ஈனிட் பார்டியின் விரலில் காயம் இருந்தது. அவள் தன் பங்கைச் சொல்லிவிட்டாள். என் பங்கு இது.

போன வாரம் டாரா என்னை ஆபீஸுக்குக் கூட்டிப்போய்த் திரையில் காட்டினாள். முதலில் நாற்பத்தேழு, ஓரத்தில் கறை. அப்புறம் ஈனிட்டின் அட்டை. அப்புறம் ஐம்பது, அதே இடத்தில் கறை. அட்டையின் மூலையில் ஏதோ தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அட்டையைப் பிடித்திருந்த கட்டைவிரல், வெறும் விரல், குறுக்கே வெள்ளைக் கோடு.

“அவங்க இந்த மாதிரி விடவே மாட்டாங்க. கை நடுங்கிடுச்சோ என்னவோ” என்றாள் டாரா. “ஓரத்த வெட்டிடலாம் அத்தை, எழுத்து எதுவும் போகாது. வெட்டிடவா?”

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.